கிழியாத பட்டம்

1997ஆம் ஆண்டு மே 18, ஞாயிற்றுக்கிழமை. நைனா விடியலில் ஏரியிலிருந்து திரும்பினார். கூடையில் இறால் கொஞ்சம், மடவை மீன் ஐந்தாறு. அம்மா இறாலை ஏலம் போடும் இடத்துக்கு எடுத்துப் போனாள். மடவையில் இரண்டைக் குழம்புக்கு நிறுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடம் விடுமுறை. நான் குழாயடியில் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்து, தண்ணீர் சுமந்து வந்து, வாசலைப் பெருக்கி, பழைய சோறு தின்றேன். நைனா துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கப் போனார்.

மறுநாள் எங்கள் பாடு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் இடங்களில் வலை கட்ட, ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை வைத்து நாள் ஒதுக்குவார்கள். அந்த முறையைத்தான் பாடு என்போம். தவறவிட்டால் அடுத்த சுற்று வரும்வரை அந்தப் பக்கம் வலையோடு போக முடியாது. ஆகவே பாட்டுக்கு முந்தைய நாள் நைனா நன்றாகத் தூங்குவார். அம்மா வலையைக் கண் கண்ணாகப் பார்த்துப் பொத்தல் அடைப்பாள். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம்.

மாமாவுக்கு மட்டும் அன்று இருப்புக்கொள்ளவில்லை. "காத்து எழும்பிச்சா, பாப்பா?" என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. பக்கத்து ஊரான தோணிரேவிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர். கடற்கரை ஓட்டல் ஒன்றில் மணலைப் பெருக்கி நாற்காலி அடுக்கும் வேலை. அது முடிந்து சித்திரையில் திரும்பி வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வருபவர் சென்ட்டு கொண்டுவருவார், டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார் என்று தெருவே காத்திருந்தது. மாமா கொண்டுவந்தது நீளமான ஒரு பை. அதற்குள் ஒரு பட்டம். ஓட்டலில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் அதைப் பறக்கவிட்டுப் பறக்கவிட்டு, துணி நைந்ததும் குப்பையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மாமா அதைப் பொறுக்கி எடுத்து, ஒரு வருடம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார்.

"கடல் தாண்டிப் போயி கிழிஞ்ச குடைய எடுத்தாந்துக்கிறான்" என்றார் நைனா. இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் நைனா சொல்லும் மச்சானில் எப்போதும் கொஞ்சம் இளக்காரம் இருக்கும்.

"குடை இல்ல மச்சான். இது சொன்ன பேச்சு கேக்கும்" என்றார் மாமா.

கேட்கவும் செய்தது. நம் காகிதப் பட்டத்துக்கு ஒரு நூலும் ஒரு வாலும். இதற்கு வால் கிடையாது, நூல் இரண்டு. இரண்டு நூலின் நுனியிலும் கைப்பிடியாக அகலமான ஒரு வார். இடது கையை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும். வலது கையை இழுத்தால் வலப்பக்கம். இறக்கையை விரித்துப் படுக்கவைத்தால் எங்கள் வீட்டு நடையை அடைத்துவிடும். மணலில் போய் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வது என் வேலை. மாமா நூல்களின் மறு நுனியில் நின்று தலையாட்டுவார், நான் விட்டுவிடுவேன், அது என் முகத்தில் மணலை அடித்துவிட்டு எழும்பும்.

நாள்தோறும் கையில் பிடித்ததால் அந்தத் துணி எங்கெங்கே நைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பறக்கும்போது பின் ஓரம் ஓயாமல் அடித்துக்கொண்டதில் மொடமொடப்பு போய், பழைய வேட்டிபோலத் தொய்ந்து, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. மூக்கு தரையில் குத்திக் குத்தி, உள்ளே இருக்கும் கறுப்புக் குச்சி எட்டிப் பார்த்தது. குறுக்குக் குச்சி உராயும் இடத்தில் ஓட்டை. மாமா அதற்கெல்லாம் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார். கடல் ஈரத்தில் அது மறுநாளே உரிந்து தொங்கும். காற்று கொஞ்சம் பலமாக வீசினால் எங்காவது ஒரு தையல் விட்டுப் பட்டம் தலைகுப்புற விழும். மாமா ஓடுவார், பிளாஸ்திரியோடு நான் பின்னால் ஓடுவேன்.

அந்த வாரம் புதன்கிழமை, பறந்துகொண்டிருக்கும்போதே மூக்கிலிருந்து பாதி இறக்கை வரைக்கும் கிழிந்தது. பார்த்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மாமா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அம்மா பட்டத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். வலையைப் பார்ப்பது மாதிரியே பார்த்தாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனாள்.

"உள்ள மண்ணு கீது" என்றாள். "மடிப்புல பூந்த மண்ணுதான் அறுக்குது. நீ மேல பிளாஸ்திரி போட்டா ஆச்சா?"

நல்ல தண்ணீரில் அதை அலசி, மடிப்பில் இருந்த மணலை ஊதி ஊதி எடுத்து, நிழலில் உலர்த்தினாள். எங்கள் வீட்டுப் பழைய குடை ஒன்றைப் பிரித்து, அந்தத் துணியை ஓட்டைகளின் இருபுறமும் வைத்துத் தைத்தாள். பின் ஓரத்தை மடித்து, மடிப்புக்குள் வலைக்கயிறு ஒன்றை ஓட்டி, மேலே நெருக்கமாகத் தையல் போட்டாள். படகுப் பாய்க்கு ஓரத்தில் கயிறு வைத்துத் தைப்பார்களே, அப்படி. மூக்குக்கு அறுந்த செருப்பின் வாரை வெட்டி உறை போட்டாள். எல்லாத் தையலும் வலை நூலில், இரட்டை இழையில்.

மாமா தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, வெயிட்டு ஏறிடுச்சிக்கா. கொஞ்சம் லேசா போடேன்" என்றார்.

"நான் தச்சது பிரிஞ்சா ஊரு சிரிக்கும். உன்னப் பாத்து சிரிக்கறது போதாதா?"

வியாழனும் வெள்ளியும் அது எழும்பவே இல்லை. சனிக்கிழமை எழும்பி உட்கார்ந்துவிட்டது. "பலமான காத்து வேணும், அவ்ளோதான்" என்றார் மாமா.

ஞாயிறு பிற்பகல் அந்தக் காற்று வந்தது. தெற்கிலிருந்து, மணலைத் தரையோடு அரித்துக்கொண்டு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் உள்ள மணல்திட்டில்தான் நாங்கள் பட்டம் விடுவோம். திட்டின் வடக்கு முனையில் முகத்துவாரம். அந்த ஆண்டு அது தூர்ந்துபோகாமல் நல்ல ஆழத்தில் ஓடியது. நாங்கள் போனது தண்ணீர் வற்றும் நேரம். ஏரி முழுவதும் அந்த வாய் வழியாகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஓரத்து மணல் காலடியில் கரையும் என்பதால் பெரியவர்களே அங்கே நிற்கமாட்டார்கள். மாமா அதிலிருந்து வெகுதூரம் தள்ளித்தான் நின்றார். அவருக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான். எங்களுக்குப் பின்னால் மேட்டில் அம்மா மறுநாளுக்கான வலையை விரித்து வைத்துக் கடைசிப் பொத்தல்களை அடைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டம் ஒரே வீச்சில் ஏறியது. முன்பெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும், ஊருக்கே கேட்கும். அன்று அந்தச் சத்தமே இல்லை. நூல்கள் மட்டும் ஊதின. மாமா குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து, அதை இடமும் வலமுமாகத் திருப்பினார். படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். புதன்கிழமை சிரித்த அதே ஆட்கள். மாமாவின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

தூங்கி எழுந்த நைனா அப்போதுதான் வந்தார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"இங்க குடு மச்சான்."

"நாளைக்குப் பாடு கீது மச்சான். கைய வச்சிக்கினு சும்மா நில்லு."

"இன்னாடா, காத்தாடி புடிச்சி கை தேஞ்சிடுமா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப்பிறகு மாமாவால் மறுக்க முடியவில்லை. பட்டத்தை இறக்கி, கைப்பிடி வார்களை நைனாவிடம் கொடுத்தார். "உள்ள கைய வுடாத. சும்மா புடி. தாங்க முடியலன்னா வுட்டுடு, அது தானா வுழுந்துடும்."

"வுட்றதுக்கா புடிக்கறது?" என்றார் நைனா.

நைனா வீச்சு வலைக்காரர். வீச்சு வலையின் கயிற்று நுனியில் ஒரு சுருக்கு இருக்கும். வலையை வீசுமுன் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார்கள். இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும்; கை வழுக்கினாலும் வலை போகாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து நைனாவின் கை செய்துவந்த காரியம் அது. இரண்டு வார்களையும் அவர் பார்த்தார். ஒவ்வொன்றையும் அதன் வளையத்துக்குள்ளேயே நுழைத்துச் சுருக்காக்கி, இரண்டு மணிக்கட்டிலும் மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். மாமா அப்போது நூலில் விழுந்த முறுக்கை எடுக்க என் பக்கம் வந்திருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

நைனா தலையாட்டினார். நான் விட்டேன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பட்டம் உச்சிக்கு ஏறி நின்றது. நைனா சிரித்தார். அந்தச் சமயம் பார்த்து ஒரு காற்று வந்தது. தூரத்தில் மணல் எழும்பி வருவதை வைத்துத்தான் அது தெரிந்தது. பட்டம் ஒருமுறை குலுங்கிக் கீழ்நோக்கிச் சாய்ந்து, காற்றை முழுவதும் வாங்கிக்கொண்டது. நைனாவின் இரண்டு கைகளும் முன்னால் நீண்டன. நாலைந்து எட்டு ஓடினார். குதிகாலை ஊன்றிப் பார்த்தார். மணலில் இரண்டு கோடு விழுந்ததே தவிர நிற்கவில்லை. பிறகு குப்புற விழுந்தார்.

"வுட்டுடு மச்சான்! வுட்டுடு!" என்று மாமா கத்தினார்.

நைனா விடவில்லை. பிடிவாதம் என்று நினைத்துக் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். ஒரு கைச் சுருக்கைத் தளர்த்த இன்னொரு கை வேண்டும். இரண்டு கையும் வடக்கே இழுபட்டிருந்தன. நெஞ்சு மணலில் உரச, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு நைனா என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். எனக்குப் பின்னால் முகத்துவாரம்.

"பாப்பா, தள்ளிப் போ! ஓரத்துக்குப் போவாத!" என்று மாமா ஓடிக்கொண்டே கத்தினார்.

நான் தள்ளித்தான் போனேன். ஆனால் நைனாவைப் பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டம் தாழ்ந்து வந்திருந்ததால் அம்மா போட்ட தையல்கூடத் தெரிந்தது. மூக்கின் செருப்பு வார், குடைத்துணி ஒட்டு, கயிறு ஓட்டிய ஓரம். இவ்வளவு கூட்டத்தின் முன்னால் அது பிரிந்துவிடக் கூடாதே என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது. "அம்மா தாயே, கிழியக் கூடாது, கிழியக் கூடாது" என்று எங்கள் ஊர் அம்மனிடம் வாய்விட்டு வேண்டினேன்.

அந்த நேரம் நைனா என்னைத் தாண்டிப் போனார். வாயில் மணல். அவரும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "கிழிஞ்சித் தொலையேன்!" என்று பட்டத்தைப் பார்த்துக் கத்தினார். என் நைனாவே அப்படிச் சாபம் விடுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னும் சத்தமாக வேண்டினேன்.

மாமா பாய்ந்து நைனாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேர் பாரத்தில் வேகம் குறைந்ததே ஒழிய நிற்கவில்லை. ஈர மணல் வந்துவிட்டது. ஈர மணலில் வழுக்கல் அதிகம். "அக்கா! கத்தி! ஒரு நூலு போதும், ஒண்ண அறு!"

அம்மா அதற்கு முன்பே எழுந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். வலை அறுக்கும் சின்னக் கத்தி அவள் கையில்தான் இருந்தது. சுற்றி ஓடி முன்னால் போய், நைனாவின் தலைக்கு மேலே விறைத்து நின்ற நூல் ஒன்றை இடது கையால் பற்றினாள். மெல்லிய நூல், அவள் உள்ளங்கையில் அது அறுத்துக்கொண்டு போனதை அன்றிரவு அவள் சோறு போடும்போதுதான் பார்த்தோம். கத்தியை வைத்தாள். முதல் இழுப்பில் அறவில்லை. நைனாவின் முழங்கைக்கு அடியில் மணல் கரைந்து, முகம் தண்ணீருக்குள் போய் வெளியே வந்தது. அம்மா கத்தியை மறுபடி அழுத்தினாள். இரண்டாம் இழுப்பில் நைனாவின் இடது கை நூல் அறுந்தது.

பட்டம் சட்டென்று திரும்பிக்கொண்டது. ஒற்றை நூலில் துணிபோலத் துவண்டு, சுழன்று, முகத்துவாரத்தின் நடுவே விழுந்தது. அறாத நூல் மாட்டியிருந்த நைனாவின் வலது கை தளர்ந்து மணலில் கிடந்தது. "தண்ணி இழுக்கும், சீக்கிரம் கழட்டு!" என்றாள் அம்மா. தண்ணீர் பட்டத்தை வாரிக்கொள்வதற்குள் கிடைத்த ஓரிரு நொடியில், மாமா அந்த வலது மணிக்கட்டுச் சுருக்கை உருவி, வாரைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். அடுத்த கணமே நூல் விர்ரென்று இழுத்தது. அந்த இழுப்பைத் தாங்க நாலு பேர் வந்து மாமாவோடு சேர்ந்துகொண்டார்கள். நைனா முழங்காலில் எழுந்து உட்கார்ந்து இருமினார்.

கரைவலை இழுப்பதுபோல ஏலேலம் போட்டுத்தான் பட்டத்தை இழுத்தார்கள். பயம் தெளிந்தவர்களுக்கு வரும் அசட்டுச் சிரிப்பு எல்லாருக்கும் வந்துவிட்டது. பட்டம் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறியது. நடுக்குச்சி ஒன்று ஒடிந்திருந்தது. துணியில் ஒரு தையல்கூட விடவில்லை. பெரியவர் ஒருவர் ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார்.

"இன்னா தையலும்மா இது! காத்து இழுத்துச்சி, தண்ணி இழுத்துச்சி, ஒரு இழை போவல பாரு!"

"அக்கா கை தச்சதுன்னா சும்மாவா?" என்றான் இன்னொருவன்.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் பட்டத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "வலைய அங்கியே போட்டுட்டு வந்துட்டேன், எடுத்து வை" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டில் நைனாவின் இரண்டு மணிக்கட்டிலும் கருநீலத்தில் வளையம் எழும்பியிருந்தது. விரல்களை மடக்க முடியவில்லை. அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். "நாளைக்கி நான் கூட வரேன் மச்சான், நீ வெறுமனே உக்காந்து வழி சொல்லு" என்றார் மாமா. நைனா சரியென்றார். சுருக்குப் போட்டதைப் பற்றி மாமா மெதுவாக ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"தோ பாரு மச்சான். கையில மாட்டாம நான் எதையும் புடிச்சதில்ல. வேற பழக்கம் வராது" என்று நைனா முடித்துவிட்டார். அம்மா வறுத்த உப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். எப்போதும் ஒன்றுக்குப் பத்து பேசுகிறவள் சண்டையே போடாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மறுநாள் விடியலில் வலையையும் கழிகளையும் மாமா தோளில் எடுத்துக்கொண்டார். கையில் துணி சுற்றியிருந்த நைனா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கும் இதே காத்துதான்" என்றார். "சாயங்காலம் வந்து அந்தக் காத்தாடிய ஒரு கை பாத்துக்கறேன். குச்சிய மட்டும் மாத்தி வை மச்சான்."

அவர்கள் படகுக்குப் போனதும் அம்மா வாசல் தெளிக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. உத்தரத்திலிருந்து பட்டத்தை இறக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பிளேடு எடுத்து, மூக்கிலிருந்து இறக்கை வரைக்கும் தான் போட்ட இரட்டைத் தையலை ஒவ்வொன்றாக அறுத்துப் பிரித்தாள். உள்ளங்கைக் கட்டில் ரத்தம் கசிந்திருந்தது. ஒரு தையல் பாக்கியில்லாமல் பிரித்த பிறகு, என் பாவாடைக்குக் கொக்கி தைக்கும் வெள்ளைப் பருத்தி நூலை எடுத்து ஊசியில் கோர்த்தாள். ஒற்றை இழை. எட்டி எட்டி, பெரிய பெரிய தையலாகப் போட்டுக்கொண்டு போனாள். தையல் தெரியாத நான்கூட அதைவிட நன்றாகப் போட்டிருப்பேன்.

வலை நூல் தீர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தேன். புதுக்கண்டு ஒன்று பிரிக்காமல் இருந்தது. அம்மா அதைப் பார்க்காமல் விட்டிருப்பாள் என்று கொண்டுவந்து அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் தலை நிமிரவில்லை. ஊசி பிடித்த கையாலேயே அதை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த தையலை முந்தியதைவிடத் தள்ளிப் போட்டாள்.